முகம் சாமிக்கு, வயிறு எண்ணெய்க்கு

மச்சான்,

இன்று காலை கொட்டகையைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்தது போன்ற வாடை. கியர்பெட்டி எண்ணெய் கொதித்துக் கருகினால் வருவது. லோரியின் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நேற்று முழுக்க நான் அதை எடுக்கவே இல்லை. பிறகு எங்கிருந்து வாடை? கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் என் எழுத்தைப் படித்து வாத்தியார் கண்ணீர் விட்டார் என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீயும் ஒவ்வொரு முறையும், "சந்தோஷத்துலயா, வேதனையிலயா?" என்று கேட்பாய்.

நம் லோரியை, வெள்ளைக்காரன் விட்டுப்போன பட்டாளத்து வண்டி என்று சுங்கை பினாங் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு தோட்டத்தில் ரப்பர்ப்பால் ஏற்றிய வண்டி என்பது நம் இருவருக்கும் மட்டும் தெரியும். என் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்தபோது லோரிக்கு, தானாகக் கியர் மாறும் ஆட்டோ கியர்பெட்டி பொருத்தினோம். பினாங்கில் அப்படிச் செய்தவர்கள் நாம்தான் முதலில். மலேசியாவிலேயே நாம்தான் என்று இப்போது சொல்கிறேன், மறுக்க ஆள் இல்லை.

ஆட்டோ கியருக்கு எண்ணெய்தான் உயிர். அது அளவுக்கு மேல் சூடேறினால் இன்ஜின் கத்தும், சக்கரம் நகராது. எண்ணெயைக் குளிர வைக்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு கூலர் மாட்ட வேண்டும். எங்கே மாட்டுவது என்பதில்தான் நமக்குச் சண்டை. காப்பிக் கடை மேசையில் சிந்திய தேநீரைத் தொட்டு லோரிப் படம் போட்டாய்.

"முன்னால மாட்டுவோம்டா, காத்து மூஞ்சில அடிக்கும்லா," என்றேன்.

"ஓடுற வண்டிக்குச் சரி. நம்ம வண்டி தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற வண்டி. அந்தக் கூட்டத்துல ஓடுமா, ஊருமா?"

"அப்ப எங்க?"

"அடியில. சேஸ் சட்டத்துக்கு இடது பக்கம், புகைக்குழாய் வராத எடம். ஒரு ஃபேன் வச்சிட்டா நிம்மதியாத் தூங்கலாம்."

"அடியில மாட்டினா யாருக்குத் தெரியும்? நாலு பேரு பாக்க வேணாமா?"

"முகம் சாமிக்கு, வயிறு எண்ணெய்க்குடா," என்று சொல்லி, போட்ட படத்தை உள்ளங்கையால் துடைத்தாய்.

நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். நீ அப்படிப்பட்ட ஆள்தானே. துளை போடும் இடத்தை எல்லாரும் சுண்ணக்கட்டியால் குறிப்பார்கள், நீ திருநீறு தொட்டு வைப்பாய். "இரும்பும் ஒரு ஒடம்புதான்" என்பாய்.

அந்தச் சண்டை முடியுமுன் உன் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "மூச்சு முட்டுதுடா" என்றாய். அதுதான் நீ பேசிய கடைசிப் பேச்சு.

உன் காரியம் முடிந்து, அந்த மழைக்காலமும் முடிந்த பிறகு, கடல் தாண்டிப் பிறை டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் கூலர் வாங்கினேன். முன்னாலேதான் மாட்டினேன். பளபளவென்று பாலிஷ் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் மயங்கி விழுந்தார்கள் என்று வைத்துக்கொள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பிற்பகல், தண்ணீர்ப் பந்தலுக்கு மோர்ப் பீப்பாய்களை ஏற்றினோம். உன் வீட்டுக்காரி எப்போதும்போல் லோரிக்கு அலங்காரம் செய்தாள். சம்பங்கி, செவ்வந்தி, வேப்பிலை என்று முன்பக்கமே தெரியாதபடி மாலைகள். நானும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கியது, புறப்பட்டோம். நீ உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மேட்டில் ஏறும்போது அந்த வாடை. மறு நிமிடம் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. பிறகு பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பால்குடம் ஏந்திய பெண்கள், வெறுங்காலோடு, பின்னால் நெருக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் பிரேக் மேல் ஏறி நின்றேன் மச்சான். ஏற்றிய பாரத்துக்கு அந்தக் கிழட்டுப் பிரேக் தாங்காது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது.

அப்போது அவள் சொன்னாள். "மூச்சு முட்டுதுடா."

குரல் அவளுடையதுதான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமுறைகூட 'டா' போட்டதில்லை.

கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கையாலும் மாலைகளைப் பிய்த்து எறிந்தாள். கம்பி கிழித்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. இதற்குள் யாரோ ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட்டார்கள். பூவுக்குள் புதைந்து கிடந்த கூலருக்கு அப்போதுதான் காற்று கிடைத்தது. கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஓடவிட்டேன். எண்ணெய் ஆறி, கியர் மறுபடி பிடித்தபோது, நீ சொன்ன முகமும் வயிறும் எனக்கு விளங்கியது.

மோர் போய்ச் சேர்ந்தது. பந்தலில் அவள் கைக்கு மஞ்சள் வைத்தபடி கேட்டேன். "மூச்சு முட்டுதுன்னு சொன்னியேம்மா, யாருக்கு?"

"நானா? நான் வாயே தொறக்கலயேண்ணே. மாலை எப்படிப் பிஞ்சதுன்னே எனக்குத் தெரியல."

ஊரில் இதைச் சொல்லும்போது இடி, மின்னல், மயில் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். உனக்குச் சேர்க்கவில்லை. அடுத்து நடந்ததை ஊருக்கே சொல்லவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் கூலரைக் கழற்றிக்கொண்டு லோரிக்கு அடியில் புகுந்தேன். சேஸுக்கு இடது பக்கம், புகைக்குழாய் வராத இடம். அங்கே நான்கு மூலையில் நான்கு திருநீற்றுப் பொட்டு இருந்தது. நீ போன பிறகு பெய்த மழையில் நம் கொட்டகைக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறி, சக்கரம் முழுகி நின்றது, அந்தச் சேறு சேஸ் முழுக்கக் காய்ந்து கிடந்தது. பொட்டு மட்டும் அந்தச் சேற்றுக்கு மேல், வெள்ளையாக, ஈரம் படாமல் இருந்தது.

கூலரைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். நீ கண்ணால் பார்த்திராத கூலர். நான்கு போல்ட் துளையும் நான்கு பொட்டின் மேல் உட்கார்ந்தது.

அங்கேயே துளை போட்டேன். ஃபேனும் வைத்தேன். பூ இப்போது முன்னால் தாராளமாகத் தொங்கலாம். அடுத்த தைப்பூசத்துக்கும் நான்தான் ஓட்டுவேன், அவள் உன் இடத்தில் உட்காருவாள்.

இன்று காலை வந்தது வாடை மட்டும் இல்லை. குனிந்து பார்த்தால் அடியில் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாவி என் சட்டைப்பையில். ஒயர் கோளாறாக இருக்கும், பிரித்தால் பத்து நிமிட வேலை. என்னைவிட ஒயர் தெரிந்தவன் இந்தத் தீவில் கிடையாது.

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். கோளாறு நிஜமாகவே கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டு, ஃபேன் நின்றுபோகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.