டெல்வின் கையெழுத்துக்கு மேலே இருந்த வரி

மணக்குடி
20.10.2014

மகள் ஷெர்லிக்கு அப்பா எழுதுவது. உன் அண்ணன் டெல்வின் கடலுக்கடியில் அந்த வால்வை முழுதாகத் திறந்தான். அவன் திறக்கவில்லை என்று எழுதியிருப்பது பொய். அந்தப் பொய் இருப்பது நீ இரண்டு வருடம் உட்கார்ந்து உருவாக்கிய கம்ப்யூட்டர் பதிவேட்டில். இதைச் சொன்ன பிறகுதான் உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. நீயும் லிபினும் பிள்ளையும் அந்த அபர்டீன் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே அம்மைக்கு முட்டுவலி கூடிவிட்டது, நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம், படி ஏறக்கூடாது என்றார்கள், கோயில் படி அதில் சேராது என்று அவளாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தினமும் பூசைக்குப் போய்வருகிறாள்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சத்தம் போடுகிறேன், ஒன்றும் தீர்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ அறிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக ஒருமுறை படி. ஆகஸ்ட் மாதம் மும்பைக்கு மேற்கே நாற்பது மீட்டர் ஆழத்தில், எண்ணெய்க் குழாயில் இருந்த ஒரு வால்வை இருபத்து நாலு சுற்று திறக்கச் சொல்லி டெல்வினை இறக்கினார்கள். இருபத்து நாலும் சுற்றினான், வால்வு முட்டி நின்றது. பிறகு கால் சுற்று பின்னால் விட்டான். கப்பலில் இருந்த சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டே விட்டான், அவரும் சரி என்றார். இவன் மேலே வந்ததும் அவர் உன் பதிவேடு ஓடும் டேப்ளட்டில் அதை அப்படியே அடித்து, படத்தில் வால்வு முழுதாகத் திறந்ததாகப் பச்சையானதைக் காட்டி, இவன் விரலால் கையெழுத்தும் வாங்கினார். நாலு நாள் கழித்து, குழாயைச் சுத்தம் செய்ய உள்ளே விட்ட ரப்பர் உருளை அந்த வால்வுக்குப் பக்கத்தில் எங்கோ சிக்கி, கப்பல் மூன்று நாள் சும்மா நின்றது. இவனை அறைக்குக் கூப்பிட்டு அதே பக்கத்தைக் காட்டினார்கள். கையெழுத்து இவனுடையதுதான். அதற்கு மேலே இருந்த வரி மட்டும் வேறு. இருபத்து மூன்றே முக்கால் சுற்று, முழுதாகத் திறக்கவில்லை, டைவரின் பிழை என்று இருந்தது. பச்சையாக இருந்த வால்வு மஞ்சளாகிவிட்டது. அன்றே இவனைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கால் சுற்று என்னுடையது, ஷெர்லி. எண்பத்தொன்றில் நான் கல்ஃபுக்குப் போனபோது பெயிண்ட் டின் தூக்குகிற ஹெல்ப்பர். ஒரு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. முழுதாகத் திறந்து முட்டிய நிலையில் ஒரு வால்வை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அதை மூட நாலு பேர் சேர்ந்து நீளக் குழாய் மாட்டி இழுத்தும் அசையவில்லை. முட்டிய பிறகு கால் சுற்று பின்னால் விட்டிருந்தால் அப்படி இறுகிப் பிடித்திருக்காது. அன்றைக்கு நான் படம் வரைந்து வைத்த நோட்டைப் பார்த்துத்தான் டெல்வினுக்கு அந்தப் பழக்கம் வந்தது. அவர்களுடைய வேலைத் தாளில் கால் சுற்று இல்லை. தாளில் இல்லாததைச் செய்தது பிழை என்றால் அந்தப் பிழைக்கு நான் நிற்கிறேன். ஆனால் கால் சுற்றுக்கு வால்வின் உள்ளே இருக்கும் கதவு இறங்குவது நகக்கனம்தான். ரப்பர் உருளை அதில் சிக்காது. இது அந்தச் சூப்பர்வைசருக்கும் தெரியும்.

இப்போது கம்பெனியில் என்ன சொல்கிறார்கள் என்றால், சுற்றை எண்ணும்போது தவறிவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். உன் அண்ணி ஸ்மிதா போடச் சொல்கிறாள், இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள், அவளை நான் குறை சொல்லமாட்டேன். டெல்வின் இப்போது ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கும் காற்றாடிக்கு மேலே ஏறும் வேலைக்குப் போகிறான். கடலுக்கடியில் இறங்கினவன் கயிறு கட்டி ஆகாயத்தில் தொங்குகிறான். முதல் நாளே அங்கே மேஸ்திரி ஜெபதாஸ் எல்லார் முன்னாலும், “ஏலே டெல்வின், தண்ணிக்குள்ள போயி எண்ணெய அடச்சது போதாதுண்ணு காத்தையும் அடைக்க வந்தியா?” என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம், இவனும் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா. நம் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயரை முதலில் தப்பாக எழுதி, சாமியார் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, தன் கையெழுத்தும் வைத்திருக்கிறார். பழைய எழுத்தை இன்றைக்கும் வாசிக்கலாம். உன் கல்யாணத்துக்குக் கோயில் ஓலை வாங்கப் போனபோது அதை உனக்குக் காட்டியிருந்தேன். அதை நினைத்துத்தான் போன கிறிஸ்மஸுக்கு, “அப்பா, எனக்க கம்ப்யூட்டரும் அந்தப் புஸ்தகம் மாதிரிதான், யாரு என்ன மாத்தினாலும் பழசு அடியில கெடக்கும், அழிக்க ஒக்காது” என்று பெருமையாகச் சொன்னாய். நானும் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன மாதம் அண்ணனிடம் அழுதுகொண்டே, “பழைய வரி அடியில கெடக்கு அண்ணா, நான் பாத்தேன், ஆனா என்னால வெளிய சொல்ல முடியாது” என்றாயாம். முடியாது என்று எப்படி வந்தது உனக்கு. வேலை போகும், விசா போகும் என்று பயம், தெரியும். அம்மையும், “அவ அந்நிய நாட்டுல கெடக்கா, அவளுக்க சோத்துல மண்ணப் போடாதேயும்” என்கிறாள். போடுகிறேன் என்றே வைத்துக்கொள். யாரும் வாசிக்கக்கூடாது என்றால் அந்தப் பழைய வரியை எதற்காகச் சேர்த்து வைத்தாய்.

இனி ஆகவேண்டியது. நவம்பர் பதினெட்டாம் தேதி மும்பையில் விசாரணை. டெல்வின் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம், கால் சுற்று விட்டதை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஸ்மிதா அதுவரை பொறுக்கவேண்டும், அவளிடம் நானே கேட்டுக்கொண்டேன். நான் நோட்டை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ரயில் ஏறுவேன், உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன். லிபின் பயந்தால் பயப்படட்டும், உன் கையைப் பிடிக்கக்கூடாது. நீ எதையும் திருட்டுத்தனமாக எடுத்து அனுப்பாதே, அது நமக்கு வேண்டாம். உன் மேலதிகாரிக்கும் விசாரணைக்காரர்களுக்கும் ஒரே கடிதம் எழுது, அந்த வரி கையெழுத்துக்குப் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது, பழையது அடியில் இருக்கிறது, நீங்களே திறந்து பாருங்கள் என்று மட்டும். எழுதாவிட்டாலும் நீ என் மகள்தான், வீட்டுக்கு வரலாம். ஆனால் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து உன்னால் சாப்பிட முடியாது.

மாதா உன்னையும் லிபினையும் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. டெல்வின் உன் அண்ணன் என்று அவர்களாகக் கண்டுபிடிக்க விடாதே. கடிதத்தின் முதல் வரியிலேயே நீ எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏசுஅடிமை