நடவு முடியும்வரை தாங்காது

என்னங்க,

நீங்கள் வயலிலிருந்து வருவதற்குள் தம்பி தமிழரசன் காரோடு வந்துவிட்டான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். காலையில் மறுபடி உதிரப்போக்கு அதிகமாகி பாத்ரூமில் விழுந்துவிட்டேன்.

"நடவு முடியட்டும், பாக்கலாம்" என்று நேற்று சொன்னீர்கள். இனிமேல் தள்ளிப்போடவே கூடாது என்கிறார் டாக்டரம்மா. கட்டி கர்ப்பப்பை வாயில் இருக்கிறது. இன்னும் வளர்ந்தால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வருமாம். இப்போதென்றால் வயிற்றைக் கிழிக்காமல், நாலு சின்னத் துளை போட்டு, கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பார்களாம். "மொத்தமா எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்கிறார்கள் அத்தை. நமக்கு இன்னும் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. அதை அவர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நடவு ஆட்களுக்குப் புளிசாதம் பெரிய பாத்திரத்தில் இருக்கிறது. துவையல் அரைக்கவில்லை, நிற்க முடியவில்லை. சாவி மாட்டுக் கொட்டகை ஆணியில். அத்தைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சுகர் மாத்திரை கொடுங்கள்.

ஆபரேஷன் ஃபாரத்தில் உங்கள் கையெழுத்தும் கேட்கிறார்கள். பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள். நீங்கள் வராவிட்டாலும் நான் போட்டுவிடுவேன்.

மேகலா

இதையும் எழுதிவிடுகிறேன். நான் தீட்டோடு நாற்றங்காலில் இறங்கியதால்தான் நாற்று வெளுத்தது என்று அத்தை சொன்னபோது நீங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாளே விவசாய ஆபீசரைக் கூட்டி வந்து நாற்றைக் காட்டினீர்கள். நான் வெளுத்து எட்டு மாதமாகிறது.