கதவுக்கு வெளியே நின்ற கிறிஸ்துமஸ் தாத்தா

அன்பு மச்சானுக்கு,

உன் கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது இந்தக் கடிதம் அங்கே காத்திருக்கும் என்று ஏஜென்சி ஆபீஸ் பெண்மணி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதை நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீ பாதியிலேயே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டால் போதும் என்று தப்பித்துக்கொள்வேன். உன் என்ஜின் ரூம் சூட்டில் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை முதுகு வலி என்றாயே, யாரிடமாவது காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய், தெரியும்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக நம் பட போஸ்டரைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தாடியுமாக ஒரு தாத்தா, இடுப்புக்குக் கீழே ஒரு பரிசுப் பெட்டி மட்டும். "இதுல உன் பேரு வருமாடா?" என்று கேட்டாள். கடைசியில் வரும் என்றேன். "சின்ன எழுத்துல போடச் சொல்லு" என்றாள்.

ஆமாம் மச்சான். 'கால்சட்டை காணவில்லை' என்று நாங்கள் எடுத்த படம் உன் கதைதான். கிறிஸ்துமஸ் காமெடி என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். டைரக்டர் யார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன்தான். ஒன்பது வருஷமாக நீ பேரைச் சொல்லவிடாத அதே ஆள். போனை வைத்துவிடுவது போல இதையும் மடித்து வைத்துவிடாதே. கடைசி வரைக்கும் படி, அப்புறம் கிழித்துக் கடலில் போடு.

அந்தக் கிறிஸ்துமஸ் உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே தைரியம் வரும். மூன்று மாடிக் கடையில் உனக்குத் தாத்தா வேஷம். நானும் அவனும் வேடிக்கை பார்க்க வந்தோம். கோட்டுக் காலரில் இருந்த கடை மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, அழகுசாதனப் பிரிவு மேடத்தின் இடுப்பைப் பற்றி நீ எங்களுக்குக் கொடுத்த விரிவுரை மூன்று மாடிக்கும் கேட்டது. பதறிப்போய் எஸ்கலேட்டரில் ஓடினாய். தொளதொளவென்ற அந்தக் கால்சட்டை படிக்கட்டின் பல்லில் மாட்டி, அது கீழே போனது, நீ மேலே வந்தாய். வீட்டுச் சாவியும் அதன் பாக்கெட்டோடு போனது. கோட்டும் தாடியும் மட்டும் மிஞ்ச, பட்டப்பகலில் இரண்டு தெரு ஓடி நம் ரூமுக்கு வந்தாய். அதற்குள் நாங்கள் பைக்கில் முந்திப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம்.

நீ தட்டினாய். நாங்கள் திறக்கவில்லை. எதிர் வீட்டு டீச்சர் தன் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவை ஒட்டிய ஜன்னலின் இடுக்கு வழியாக நாங்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வழியாகக் கதவு திறந்தபோது வாசலில் டைரக்டர் நின்றான். "நான்தான்டா பூட்டினேன், சும்மா ஜோக்குக்கு" என்றான். நீயும் சிரித்தாய். மறுநாள் வேலை போனது. ஆறு மாதத்தில் கப்பலேறிவிட்டாய். அவனிடம் அதோடு பேச்சை நிறுத்தினாய். என்னிடம் நிறுத்தவில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உனக்குக் கிடைத்த மூன்று வார லீவில் பதினோரு நாள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என்னை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வைத்துவிட்டு நீ விழித்திருந்தாய்.

இனி படம். போன மாதம் அறுபது பேரைக் கூட்டி வந்து போட்டுக் காட்டினோம். அந்த நேரத்தில் நான் திரையைப் பார்ப்பதில்லை, ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்ப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பாத்ரூம் போகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். முதல் ஒரு மணி நேரம் குறித்தே கை வலித்தது. அந்த மைக் சீனுக்கு ஒரு பெரிய மனுஷர் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்துவிடும் போலிருந்தது. அவர் மனைவி அவர் தொடையில் அடித்து அடித்து அடக்கப் பார்த்து, அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார். ஆபாசம் என்று முகம் சுளிப்பார்கள் என்று பயந்தோமே, ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பிறகு கதவு சீன் வந்தது. முதல் தட்டலுக்குச் சிரித்தார்கள். இரண்டாவதுக்கும் சிரித்தார்கள். மூன்றாவதற்கு ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. அதற்கப்புறம் கதவு திறந்து, மூன்று பேரும் கட்டிப்பிடித்து, தாத்தா சிரித்து, பாட்டுப் போட்டு என்று நாங்கள் என்ன கூத்தடித்தும் அந்தச் சிரிப்பு திரும்பி வரவே இல்லை. முடிந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று, "அவ்ளோ நேரம் வெளிய நிக்க வெச்சுட்டு, கட்டிப்பிடிச்சா சரியாயிடுமா? இவங்கல்லாம் ஃபிரெண்ட்ஸா?" என்று கேட்டார். ஃபிரெண்ட்ஷிப் படம் என்று போஸ்டரில் போட்டிருக்கிறோம், மச்சான். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தாத்தா வேஷம் போட்ட நடிகர் படப்பிடிப்பிலேயே இதைக் கேட்டார். "கதவத் தெறந்ததும் நான் எதுக்கு சார் சிரிக்கணும்?" என்றார். நிஜத்தில் சிரித்தான் என்றான் டைரக்டர். "நிஜத்துல நடிச்சிருப்பாரு சார்" என்றார் அந்த மனுஷர். அன்றைக்கு எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. வேஷம் போட வந்தவனுக்கு எதற்கு இந்த வியாக்கியானம் என்று முணுமுணுத்தேன்.

தயாரிப்பாளர் அம்மா நேராகவே சொல்லிவிட்டார். முடிவு இப்படியே இருந்தால் மூன்றாம் நாள் தியேட்டரில் ஈ ஓட்டலாம் என்றார். சரி, அந்தச் சீன் எங்கே கெடுகிறது என்று பார்ப்போம் என்று நம் பழைய போன் வீடியோவைத் தேடி எடுத்தேன். ஊரெல்லாம் அனுப்பினோமே, பாட்டுப் போட்ட ஒன்றரை நிமிடத் துண்டு, அது இல்லை. வெட்டாத ஒரிஜினல். இருபத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஒன்பது வருஷத்தில் அந்தச் சத்தத்தைப் பாட்டில்லாமல் நான் கேட்டதே இல்லை. எடிட்டர் என்று பேர் எனக்கு. முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். "போதும்டா. எல்லாரும் பாக்குறாங்கடா. கதவத் தெறங்கடா, ப்ளீஸ்டா" என்கிறாய். பத்தாவது நிமிடத்துக்கு மேல் நீ பேசவே இல்லை. உன் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது. எடிட் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் டைரக்டரிடம் போட்டுக் காட்டினேன். முழுசும் கேட்டான். இரண்டே நாளில் புது முடிவு எழுதி எடுத்துவிட்டான். அதில் கதவு திறந்ததும் தாத்தா சிரிப்பதில்லை. நண்பர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போகிறார். இவர்கள் இரண்டு பேரும் தங்கள் கால்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் ஜட்டியோடு தெருவில் அவர் பின்னாலேயே ஓடுகிறார்கள். அதே கடைக்குப் போய், அதே மைக்கைப் பிடித்து, தாங்கள் செய்ததை மூன்று மாடிக்கும் கேட்கும்படி சொல்கிறார்கள். அவர் மன்னித்தாரா இல்லையா என்று படம் சொல்லவில்லை. மறுபடியும் அறுபது பேருக்குப் போட்டோம். ஜட்டி ஓட்டத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் மைக் வந்ததும் அப்படியே அடங்கினார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். படம் ஓடும் மச்சான். என் நோட்டு இதுவரை பொய் சொன்னதில்லை.

ஆனால் அவன் பிடிவாதமாக நிற்கிறான். "அவன் பாத்து சரின்னு சொல்லாம இந்த முடிவு வெளிய போகாது. வேணும்னா பழசையே போட்டு படம் ஊத்திக்கட்டும்" என்று தயாரிப்பாளர் அம்மாவிடமே சொல்லிவிட்டான். அந்த அம்மா கத்தின கத்தலில் எனக்குக் காது அடைத்தது, அவன் அசையவில்லை. பத்தாம் தேதிக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கூடவே பென் டிரைவ் வைத்திருக்கிறேன், தனியாக உட்கார்ந்து பார். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய முடிவை ஒட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் வேறு வேலை தேடிக்கொள்வோம். உன்மேல் ஒரு சொல் வராது.

இதோடு கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அந்த வீடியோவில் உன் குரல் மட்டும் இல்லை மச்சான். மூன்றாவது நிமிடத்தில் அவன் குரல் கிசுகிசுப்பாகக் கேட்கிறது. "டேய் தெறடா, பாவம்டா அவன்" என்கிறான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்கிறான். அதற்கு என் குரல், "இருடா, நல்லா வருது, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்கிறது. படம் பிடித்தது நான். ஒரு கையில் போன், இன்னொரு கை தாழ்ப்பாளின் மேல். கடைசியில் அவன் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுத்தான் திறந்தான். திறந்தவன் முகத்தைத்தான் நீ பார்த்தாய்.

மறந்துபோச்சு என்று சொல்லலாம், நம்புகிற ஆள்தான் நீ. ஆனால் நான் மறக்கவில்லை. அவன் ஏன் பழியை ஏற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் உன்னிடம் சொல்ல வேண்டி வருமே என்ற பயம். ஆஸ்பத்திரி பெஞ்சில் நீ அவனைத் திட்டியபோதுகூட ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் அவன் என்னை ஒரு தடவைகூட உன்னிடம் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதும் கடிதத்தில் இந்த உண்மையை நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

படத்துக்குச் சரி சொல், வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். கீழே அவன் நம்பர் எழுதியிருக்கிறேன். கரை இறங்கியதும் முதலில் அவனுக்குப் போன் பண்ணு. எனக்கு அப்புறம் பண்ணினால் போதும். பண்ணாவிட்டாலும் நான் காரணம் கேட்க மாட்டேன். முதுகை மட்டும் டாக்டரிடம் காட்டு, மச்சான். நீ எங்கிருந்தாலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் மேல் பிரியம் குறையாத,
எடிட்டர்