ஆப்பு ஆடாத துவக்கு

ஐசே,

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற லோன்றிக்குள் இப்போது கூழ்முட்டை நாறுகிறது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் நிறைந்த வாளிக்குள் உம்முடைய துவக்கின் குழலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தண்ணீர் கறுத்துப் போய்விட்டது. கருமருந்து எரிந்த நாற்றம் யன்னலைத் திறந்து வைத்தாலும் லேசில் போகாதென்று உமக்குத் தெரியும். குசினியிலிருந்து என் மனைவி கத்துகிறாள்.

"இதென்ன கோதாரி நாத்தம்! அந்த ஆள் போயும் அவரின்ரை சனியன் போகேல்லை."

அந்த ஆள் நீர்தான். அவள் உம்மீது கோபத்தில் சொல்லவில்லை. உமக்கு மரக்கறி போட்டு அனுப்பவென்று எடுத்து வைத்த பெட்டி இன்னும் அவள் தட்டில் வெறுமையாய்க் கிடக்கிறது, வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை. ஆனால் இந்தச் சாமானை அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்தவன் வெரிபீ என்கிற அந்நிய ஊரில் ஒரு லோன்றிக்குள் துவக்குக் கழுவுகிறான் என்றால் அதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது? இதைச் செய்த தொழிற்சாலைக்காரனை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வாய்விட்டுத் திட்டுகிறேன்.

நீர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கிழமையே உம்மை எனக்குத் தெரியும். புத்தம்புது வீடு, முன்கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டும். வீடு கட்டிய கம்பனியின் ஆள் வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் டொலரன்ஸுக்குள், அனுமதித்த பிழையளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். நீர் வாசலில் நின்று ஆளில்லாத ரோட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தீர். நான் அரத்தை எடுத்து வந்து கதவின் கொளுவியைச் சீவிக் கொடுத்தேன். றெயில் பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு அது ஒரு வேலையா? நீரோ கதவைத் திறந்தும் மூடியும் பார்த்து, "ஏனுங்கண்ணா, கீழ் மூலைல இன்னும் உரசுதுங்களே" என்றீர். நன்றி பிறகுதான் வந்தது. நீர் மென்பொருளில் பிழை பிடிக்கிற உத்தியோகம் என்று அன்றுதான் தெரிந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு வாயில் மரியாதையும் கண்ணில் பூதக்கண்ணாடியும் இருக்கும் என்று அன்றே மனைவியிடம் சொன்னேன்.

நான் உம்மை "நீர்" என்று அழைத்தால் உமக்குச் சிரிப்பு வரும். "ராஜா நாடகத்துல நிக்கற மாதிரியே இருக்குதுங்கண்ணா" என்பீர். எங்கள் பக்கத்தில் நண்பனை நீர் என்றும் ஐசே என்றும்தான் அழைப்போம், கோபம் வந்தாலும் அதுதான் என்று சொன்னேன். அதன்பிறகு நான் "நீர்" என்று தொடங்கினாலே, கோபமா பாசமா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வீர்.

ஒருநாள் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய் இரும்புப் பெட்டியைத் திறந்து இதைக் காட்டினீர். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கைத்துவக்கின் நகல். தோட்டா போடுகிற சாதியில்லை. உருளையின் ஆறு அறைக்கும் மருந்தைக் கையால் கொட்டி, ஈயக்குண்டை அமுக்கி, பின்பக்கம் தீபாவளிப் பொட்டுவெடி போல ஒன்றைச் செருகிச் சுட வேண்டும். சின்ன வயதில் கௌபாய்க் குதிரைப் படம் பார்த்த ஆசை உமக்கு. சுடுபவர்களின் கிளப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, பொலிஸ் அனுமதிக்காகக் காத்திருந்து வாங்கிய சாமான். நானோ பார்த்தவுடன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். போய்விடத்தான் திரும்பினேன். அப்போது அதன் விளிம்பு என் கண்ணில் பட்டது.

சீ! அப்படி ஒரு வேலையை நான் கண்டதில்லை. வெளியே கண்ணாடிபோல் மினுக்கி, உள்ளே பிசிர் விட்டிருந்தார்கள். தடவினால் விரலை அறுக்கும். திருகாணியின் தலை முதல் திருகலிலேயே வெண்ணெய் மாதிரி வழிந்துபோனது. எல்லாவற்றையும்விடக் கேவலம் அந்த ஆப்பு. குழலை, உருளை சுற்றுகிற நடு அச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரேயொரு சின்ன ஆப்புத்தான். குழலின் அடியிலுள்ள துளைக்குள் அச்சு போய் அடியில் முட்ட வேண்டும். இதில் முட்டவில்லை. அச்சைக் கட்டையாகச் செய்துவிட்டு, துளையை ஆழமாகக் குடைந்திருந்தார்கள். ஆப்பை இறுக்கினால் உருளை சுற்றாது, இளக்கினால் குழல் ஆடும். நீர் அதைக் காதருகே பிடித்துத் தேங்காய் பார்ப்பதுபோல் ஆட்டினீர். "கேளுங்கண்ணா, சத்தம். இது பக்." மென்பொருளில் பிழைக்கு அதுதான் பெயராம்.

வாங்கிய கடைக்குக் கொண்டு போனீர். இந்த வகை எல்லாம் அப்படித்தான் வரும், தோழா, கொஞ்சம் டேப் சுற்றிவிடு என்றானாம் கடைக்காரன். டேப்! முகத்துக்கு முன்னால் மருந்து வெடிக்கிற சாமானுக்கு டேப்! துவக்கில் எனக்கு ஆசையில்லை. ஆனால் கெட்ட வேலையைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. உருளை சுற்றுமளவுக்கு ஆப்பை இறுக்கிவிட்டேன், சும்மா வந்து பாருங்கள் என்று நீர் கேட்டதால் றேஞ்சுக்கு, கிளப்பில் சுட்டுப் பழகுகிற இடத்துக்கு வந்தேன். உமக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேரும் காதுக் கவசம் போட்டிருந்தோம். நீர் துவக்கை நீட்டியபோது பார்த்தேன், ஆப்பு பாதிக்குமேல் வெளியே நழுவி நின்றது. என் வாயில் வேறு சொல் வரவில்லை. "துவக்கு! துவக்கு!" என்று கத்தினேன்.

நீர் துவக்கினீர்.

வெடித்தது. குழல் கழன்று பறந்து முன்னாலிருந்த புல்லில் விழுந்தது. நான் எப்போது நிலத்தில் விழுந்து படுத்தேன் என்று எனக்கே தெரியாது, அது பழைய பழக்கம். தலையைத் தூக்கிப் பார்த்தால், நீர் பிடியும் உருளையும் மட்டும் கையில் இருக்க, புகைக்குள் நின்று என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்.

"அண்ணா, நீங்கதான துவக்குன்னு சொன்னீங்க?"

"துவக்கு எண்டா கன், ஐசே! கன்!"

றேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்து, கெட்ட வார்த்தை ஒன்றுகூட விடாமல் சொல்லி, அன்றைக்கு இருவரையும் வெளியே அனுப்பினார். காரில் வரும்போது நீர் மெல்லக் கேட்டீர்: "அதை எல்லாரையும் மாதிரி துப்பாக்கின்னு சொல்லக் கூடாதுங்களா?" நான் சொன்னேன்: "துப்பாக்கி எண்டு சொல்லி முடிக்க முன்னம் நீர் சுட்டு முடிச்சிருப்பீர்." காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குழல் முன்னால் போகாமல் முகத்தில் அடித்திருந்தால்? எவனோ ஒருவன் ஒரு தொழிற்சாலையில் அளவைப் பார்த்து, "பரவாயில்லை, அனுப்பு" என்று சொல்லியிருக்கிறான். அவன் அனுப்பிய பிழைக்கு நாங்கள் கண்ணைக் கொடுக்க வேண்டுமா?

அதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்தேன். லைசென்ஸ் இல்லாதவன் இதைத் தன் மேசையில் வைத்து அரம் பிடிக்க முடியாது. வீட்டில் பெரிய சண்டை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன் துவக்குக்குச் சோதினை எழுதுது, ஊர் சிரிக்கப் போகுது" என்றாள் மனைவி. ஊர் சிரித்ததும் உண்மைதான்.

வேலை சின்னது. துளையின் அடியில் ஒரு உருக்கு வில்லையை இறுக்கி வைத்து, அச்சு அதில் பூரணமாக முட்டும்வரை ராவ வேண்டும், சொத்தைப் பல்லுக்கு அடைப்பு வைக்கிறதைப்போல. வில்லையில் விளக்குக்கரி பூசி அச்சைச் செருகி எடுத்தால், முட்டிய இடத்தில் கரி அழிந்திருக்கும். வட்டம் முழுவதும் அழிய வேண்டும் என்றீர் நீர். அரைவட்டம் அழிந்தது, "ரிஜெக்ட்." முக்கால்வட்டம் அழிந்தது, "ரிஜெக்ட்." ஒருநாள் அலுத்துப்போய், "இவ்வளவும் காணும் ஐசே" என்றேன். நீர் குனிந்து மேசைக்கடியில் என்ன காணோம் என்று தேடினீர். எங்கள் "காணும்" போதும் என்று அர்த்தம், உங்களுக்கு அது தொலைந்துபோன கதை. விளங்கியதும் நிமிர்ந்து சொன்னீர்: "போதும்னு சொல்லுங்க, திட்டிக்கறேன். 'பரவால்ல'ன்னு மட்டும் சொன்னீங்கன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்." நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அதற்குள் உமக்கு வருத்தம் வந்துவிட்டது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உம்மைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் கொண்டு வந்தார்கள். பரவால்ல, முகம் தெளிவா இருக்கு. பரவால்ல, நல்லாத்தான் பேசறீங்க. பழத்தட்டை வைத்துவிட்டுப் பொய்யையும் பக்கத்தில் வைத்துப் போனார்கள். பக்கத்து ஊரான பொயிண்ட் குக்கிலிருந்து வந்த ஒருவர், மனத்தைத் திடமாக வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நெடுநேரம் பேசினார். எனக்கு அந்த ஆளைக் கதிரையோடு தூக்கி வெளியே வைக்க வேண்டும்போல் இருந்தது. அவர் போனதும் நீர் கண்ணைத் திறந்தீர்.

"எல்லாரும் நான் டொலரன்ஸுக்குள்ள இருக்கேங்கறாங்கண்ணா."

பிறகு, "அது என்னாச்சுங்க?" என்றீர். உம்முடைய மனைவி என்னைப் பார்த்தா. சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்தக் கண் கெஞ்சியது. என்னால் முடியவில்லை.

"இன்னும் ஆடுது, ஐசே."

உம்முடைய முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு தெளிவு வந்தது. "அப்ப ரிஜெக்ட்" என்றீர். உம்மோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

நீர் போன பிறகு சட்டப்படி இது கடைக்காரனின் பாதுகாப்புக்குப் போனது. அதே டேப்புக்காரன். துடைத்துப் போட்டால் யாராவது வாங்குவார்கள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்றான். உம்முடைய மனைவியோ, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவ, நசுக்கச் சொன்னா. "அந்தக் கருமத்தைப் போலீஸ்ல குடுத்து நசுக்கச் சொல்லுங்கண்ணா. கடைசில என்னைப் பார்த்ததை விட அதைத்தான் அதிகமாப் பார்த்தாரு." அதில் பொய்யில்லை. எனக்கும் அது நசுங்குவதில் கவலையில்லை. ஆனால் ஆடிக்கொண்டே நசுங்கினால், "பரவாயில்லை" என்று அனுப்பியவன் உம்மை வென்றதாகிவிடும். அதை மட்டும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

"ஒரேயொருக்கா, தங்கச்சி. என்ரை பேருக்கு மாத்தி, திருத்திச் சுட்டுப் பாக்கிறன். ஆடினா நானே கொண்டுபோய்க் குடுக்கிறன், நசுக்கட்டும்."

"நானும் வருவேன். நானே பார்க்கணும்" என்றா.

பேர் மாறி வந்து, நான் ராவி முடித்து, இன்று காலை றேஞ்சுக்குப் போனோம். எங்களைத் தவிர அங்கே அந்தக் கிழவர் மட்டும்தான். என்னை அடையாளம் கண்டதும் அவர் இரண்டடி பின்னுக்குப் போய் நின்றார். மருந்து கொட்டினேன், குண்டை அமுக்கினேன், பொட்டுகளைச் செருகினேன். வட்டம் முழுவதும் கரி அழிந்த வில்லைதான் உள்ளே இருந்தது. ஆனாலும் கை நீளவில்லை. ஆடினால் நீர் இரண்டாம் தரமும் போய்விடுவீர் என்று பயந்தேன். காதுக் கவசத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"துவக்குங்கண்ணா."

உங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "ஆரம்பிங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கதையை நீர் வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கி இலக்கு மங்கிப்போனது. துடைத்துவிட்டுக் கவசத்தைப் போட்டேன். சுட்டேன்.

ஆறும் போன பிறகு, கிழவர் வெறும் உருளையைச் சோதித்துத் தலையாட்டியதும், தங்கச்சி கையை நீட்டினா. பெருவிரலால் ஆப்பைத் தள்ளிப் பார்த்தா, அது அசையவில்லை. பிறகு உம்மைப்போலவே காதருகே பிடித்து ஆட்டினா.

"சத்தமில்லீங்கண்ணா" என்றா. அங்கேயே அழுதா.

பக்கத்தில் நின்ற எனக்கு வாய் வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. அழுகிறவருக்குத் தமிழில் வேறென்ன சொல்வார்கள்? விழுங்கினேன், ஐசே. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது பொய்யாகிவிடும். நீர் இல்லாதது எந்த டொலரன்ஸுக்குள்ளும் வராது. "அழுங்கோ, தங்கச்சி" என்றுதான் சொன்னேன். காரில் ஏறும்போது, "உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. நசுக்க வேண்டாம்" என்றா.

இந்தக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இப்போது உருளையைக் கழுவித் துடைத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். அதைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு புதுக் கீறல். உருளையைப் பூட்டுகிற தாழ் தன் குழியில் விழாமல், அதற்கு முன்னமே விழுந்து உரசியிருக்கிறது. தூ! இதையும் பிழையாகத்தான் செய்து அனுப்பியிருக்கிறான், பாழாய்ப்போனவன். இது சின்னப் பிழை. சுடுவதற்கு ஒன்றும் செய்யாது. எண்ணெய் பூசி வைத்தால் எவருக்கும் தெரியாது.

"இன்னும் முடியேல்லையோ?" என்று மனைவி கேட்கிறாள்.

"இல்லை" என்கிறேன்.

ரிஜெக்ட், ஐசே. அரத்தை எடுத்துவிட்டேன். துவக்குகிறேன்.