ஸ்டோர் ரூமில் நான் பாடிய பாட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அங்கே நீ உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. மானத்துக்கு என்ன வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், விட்டால் அம்மா கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை உன் அறையில் நீ போர்த்தி வைத்துவிட்டுப் போன பாட்டு ரெக்கார்டிங் மிக்சரைத் திறந்தேன். எதற்கென்றால், எங்கள் பைப் ஃபிட்டர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் என்னைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவையும் என்னையும் பாடவைத்து வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்தாயே, அந்தப் பாட்டை நான் வேலைக்குப் போகிற இடமெல்லாம் போனில் போட்டுக் காட்டி, இந்தக் கனமான ஆண் குரல் யாருடையது சொல்லுங்கள் என்று கேட்டு, பதிலையும் நானே சொல்லி வந்தது உனக்குத் தெரியும். செயலாளர் கேட்டுவிட்டு, "அண்ணே, தொண்டைக்குள்ள இப்படி ஒன்னை வச்சுக்கிட்டா ஸ்பானர் பிடிச்சுட்டு இருக்கீங்க" என்றார். நான் உச்சி குளிர்ந்துபோய் ஒத்துக்கொண்டேன். சரி, பழகிப் பார்ப்போம் என்று மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளம்புகிற அவசரத்தில் நீ ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை, அன்றைக்கு இருந்தபடியேதான் எல்லாம் இருந்தது, தரையில் கிடந்த ஒரு ஒயரைத் தவிர. அது கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர் என்று நினைத்து ஹெட்ஃபோன் ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில் சொருகினேன். அம்மா அடுப்படியில் இருந்தே கேட்கட்டும் என்று நீ ஹால் ஸ்பீக்கருக்கு இழுத்து வைத்த ஒயர் அது. எனக்கு என்ன தெரியும், காதில் ஹெட்ஃபோன், கதவு சாத்தியிருக்கிறது. பாடினேன், மூச்சு வாங்கினேன், தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டேன், எனக்கு நானே சபாஷ் போட்டேன். அதோடு விட்டேனா. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வாய் சும்மா இருக்காமல், என் மச்சானும் இருக்கான், மைக்கைப் பார்த்தாலே திரைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான், அதெல்லாம் ஒரு தொண்டையா, அடைச்ச வாஷ்பேசின் என்று சொல்லி நானே சிரித்தும் கொண்டேன். தாகமெடுத்து வெளியே வந்தால், ஹாலில் அம்மா, மாடி வீட்டுக்காரரும் அவர் மனைவியும், ஸ்கூல் வேன் ஓட்டுகிற உன் மாமா, நாலு பேரும் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி சிலை மாதிரி இருந்தார்கள். மாடி வீட்டு அம்மா மட்டும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நல்லா பாடுறீங்க சார் என்றார். அவர் கண் என் பக்கம் வரவேயில்லை.

அவர்கள் போன பிறகு உன் மாமா என் பின்னாலேயே அறைக்குள் வந்தான். உனக்குத்தான் தெரியுமே, அவனுக்குக் கோபமே வராது, ஸ்கூல் பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்கார்ந்தாலும் சிரிப்பான். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அத்தான், அந்த அடைச்ச வாஷ்பேசினைத்தான் நீங்க ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிட்டு இருக்கீங்க." எனக்குப் புரியவில்லை. அவனே பொறுமையாக விளக்கினான். ரெக்கார்டிங் அன்றைக்கு நான் பாடி முடித்துவிட்டு, எங்கோ மோட்டார் லைன் வெடித்துவிட்டதென்று போன் வந்து ஓடினேன் அல்லவா, அதற்குப் பிறகு அவனை நிறுத்தி என் வரிகளைப் பாடச் சொன்னாயாம். "பாப்பாதான் கெஞ்சுச்சு அத்தான், அப்பாவுக்கு சுருதி எங்கயோ போகுது, அவர் மனசு நோகக் கூடாது மாமான்னு. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான். போடா, அளக்காதே என்றேன். அவன் மிக்சரைக் காட்டினான்.

நான் படித்தது கொஞ்சம், ஆனால் குழாய் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அந்த மிக்சரையும் நான் குழாயாகத்தான் பார்த்தேன். ஒவ்வொரு மைக்கும் ஒரு லைன், உள்ளே வந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது, ஒரு கிளை ஹெட்ஃபோனுக்கு, ஒரு கிளை கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டருக்குப் போகிற பக்கம் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பட்டன், அமுக்கினால் வால்வு திறந்த மாதிரி. அம்மா மைக்கின் பட்டன் அமுங்கியிருந்தது. மாமா பாடியதாகச் சொன்ன மைக்கின் பட்டன் அமுங்கியிருந்தது. என்னுடையது மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒருவேளை தூசியில் தானாக எழும்பியிருக்கும் என்று உனக்காக நானே வக்காலத்து வாங்கினேன், பாப்பா. பிறகு பார்த்தால், என் லைனில் ஹெட்ஃபோனுக்குப் போகிற திருகு முழுக்கத் திறந்திருக்கிறது, அதற்கு மேல் எக்கோ வேறு போட்டு வைத்திருக்கிறாய். என் காதுக்கு மட்டும் நான் பெரிய பாடகன். வேறெங்கும் நான் போய்ச் சேரவே இல்லை. பாடிய பிறகு சரியில்லை என்று வெட்டி எறிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், வேலை என்றால் பிடித்ததும் கழித்ததும் இருக்கத்தான் செய்யும். நீ நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வால்வை மூடிவிட்டாய். என்னை ஸ்டோர் ரூமுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினாயே, பெரிய பாடகர்களுக்கெல்லாம் தனி ரூம்தான்ப்பா என்றாயே, என் குரல் அம்மாவின் மைக்கில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே அது? வெங்காய மூட்டைக்கும் பழைய ஃபேனுக்கும் நடுவில் நின்றுகொண்டு கண்ணை மூடி உருகி உருகிப் பாடினேன். நீ கதவைத் திறந்து கட்டை விரலைத் தூக்கி, பின்னிட்டீங்கப்பா என்றாய்.

திரும்பினால் அம்மா வாசலில் நின்றுகொண்டு, ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். உனக்கும் தெரியுமா என்றேன். சின்ன விஷயத்துக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்குறீங்க என்றாள். ஆக, அவளுக்கும் தெரியும். கல்யாண வீடுகளில், பஸ்ஸில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட அந்தப் பாட்டைப் போட்டு என் குரல் என் குரல் என்று நான் குதித்தபோதெல்லாம் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். ஒருமுறை நான் உன் மாமாவிடமே அதைப் போட்டுக் காட்டி, கேட்டுக் கத்துக்கோடா என்றேன். அவன் தலையை ஆட்டினான். குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று எனக்கும் அப்போதே தோன்றியதுதான், கம்ப்யூட்டர் ஏதோ தேய்த்து மெருகேற்றியிருக்கும் என்று விட்டுவிட்டேன். முட்டாளுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்.

எல்லோரும் போன பிறகு என் பட்டனை நானே அமுக்கினேன். ஹால் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே பாட்டைப் பாடிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, போட்டுக் கேட்டேன். நீ செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தப்பு என்று சொல்லக் காது விடவில்லை. மறுநாள் செயலாளரிடம் போய், அது என் குரல் இல்லை, என் மச்சான் குரல் என்றேன். "உங்க அடக்கம் இருக்கே, அது யாருக்கும் வராதுண்ணே" என்று தோளில் தட்டி, பாடுகிறவர்கள் பட்டியலில் என் பெயரை முதலில் போட்டுவிட்டார். பிறகு உன் மாமாவையே கூட்டிப்போய் அவர் முன்னால் பாடவைத்த பிறகுதான் நம்பினார். கூட்டத்தில் இப்போது அவன்தான் பாடப் போகிறான். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். நன்றாகத்தான் பாடுகிறான், சனியன். அவன் மேலும் எனக்குக் கோபமில்லை, அம்மா மேலும் இல்லை, அவளிடம் உப்புக் குறைச்சல் என்று சொல்லக்கூட நான் யோசிக்கிறவன், அவள் என்னிடம் மறைத்ததற்கு நான் என்ன சொல்ல. உன்னிடம்தான் என்னால் முடியவில்லை. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு நின்றபோது, அப்பா ஜோக்கர் மாதிரி இருக்கீங்க என்று சொன்னவள் நீ, அன்றைக்கே வழித்தேன். இந்த வீட்டில் என் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பாட்டு போனால் போகட்டும், பாப்பா, அந்த ஆள் போய்விட்டாளே என்றுதான் இருக்கிறது. நீ என்னிடம் நல்லது என்று சொன்ன ஒவ்வொன்றையும் இப்போது எடுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எது நிஜம், எது என் மனசு நோகாமல் இருக்கச் சொன்னது என்று. இது எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். உன் வீட்டுச் சிங்க்குக்கு அடியில் சொட்டுகிறது என்றாயே, பக்கெட் வைத்து ஒப்பேற்றாதே, வாஷர் போயிருக்கும், மாற்றச் சொல், அதற்கு முன்னால் மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் மிக்சரைத் துடைத்து மூடிவிட்டேன், பட்டன்கள் எதையும் மாற்றவில்லை, என்னுடையதைத் தவிர. நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, உன்னை மதிக்கிறவர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசாரச் சொல்கிறோம். மாமாவும் விசாரித்ததாக எழுதச் சொன்னான். பதில் எழுது, போனில் வேண்டாம்.

புதன்கிழமை போன் செய்தபோது, இங்கே எல்லாரும் என்னை நல்லா பார்த்துக்கிறாங்கப்பா, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றாய். சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நிஜமாகவா, பாப்பா, என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா