கிடாருக்கு வந்த சாமி

12-1-74, சனி

விடியும்போது புல்லெல்லாம் உறைபனி. விரல் மடங்கவில்லை. டிஸ்பென்சரியில் கூட்டம் குறைவு. செல்வி வந்தாள், ஏழாம் மாதம். கால் வீக்கம், பிரஷர் அதிகம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எத்தனை தடவை சொல்வது! "அம்மாட்ட கேக்கேன் சிஸ்டர்" என்று நழுவிவிட்டாள். அம்மா முத்தம்மா, தேயிலைக் கொழுந்து எடுப்பவள். என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறாள். வழியில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம்.

சாயங்காலம் மூணாறு மைதானத்தில் கச்சேரி. பெங்களூர்ப் பையன்கள், எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். ரேடியோவில் கரகரவென்று கேட்டது நேரில்!

ஸ்வெட்டருக்குப் பொத்தான். புடவை இஸ்திரி. ரேடியோ பேட்டரி. லாரியில் இடம் சொல்லி வைக்க.

13-1, ஞாயிறு

தலைமுடியில் இன்னும் திருநீறு. எழுதினால்தான் ஆறும்.

துரைமாருக்கு நாற்காலி, ஸ்டாஃபுக்குப் பெஞ்சு, மற்றவர்களுக்குத் தரை. பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து கிடார் கேட்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். எழுந்து, தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் புகுந்துவிட்டேன். எர்ணாகுளத்தில் நர்ஸிங் படித்தபோது அப்படித்தான் கேட்பேன். நசுங்கி, எந்த வியர்வை யாருடையது என்று தெரியாமல். உண்மையைச் சொன்னால் பாட்டைவிட அந்த நெரிசலுக்காகத்தான் போவேன். இங்கே என் அம்மா செத்த பிறகு பேச ஆளில்லை. நோயாளிகளை நான் தொடுகிறேன், என்னை யாரும் தொடுவதில்லை.

வேகமான பாட்டு ஒன்று. ரேடியோவில் கேட்டு மனப்பாடம். கிடார் அழ ஆரம்பித்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். கொண்டை அவிழ்ந்தது. ஆடினேன், நன்றாகவே ஆடினேன். பின்னாலிருந்து இடுப்பில் ஒரு பிடி.

"ஏளா, சிஸ்டருக்கு ஆத்தா வந்துட்டா!"

முத்தம்மா. (இனி மு.) என் நெற்றியில் திருநீறு பூசினாள், வாயிலும் போட்டாள். "யாரு தாயி வந்திருக்கது? சொல்லு தாயி!" சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தேன். அதற்குக் குலவை போட்டார்கள். டிரம்ஸ்காரப் பையனுக்கு ஒரே உற்சாகம், இன்னும் வேகமாக அடித்தான்.

கச்சேரி முடியும்வரை மு. பிடியை விடவில்லை. கம்பளியில் அடுப்புப் புகை வாசனை. விட்டுவிடக் கூடாதே என்று எனக்கு இருந்தது.

14-1, திங்கள்

மு. பொங்கல் கொண்டுவந்தாள். கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தலையக் காட்டுங்க சிஸ்டர்" என்று பேன் பார்த்தாள். அகப்பட்டது! நர்ஸ் தலையில் பேன், வெளியே தெரிந்தால் மானம் போகும். இருவரும் சிரித்தோம்.

மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன், அது சாமி இல்லை முத்தம்மா, பாட்டு கேட்ட சந்தோஷம் என்று.

"வந்தவுகளுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அடுத்த பேனைத் தேடினாள்.

தினமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

19-1, சனி

மழை. செல்விக்குத் தலைவலி, கண் மங்குகிறதாம். பிரஷர் ஏறிவிட்டது. இனி தாமதித்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. மு.விடம் கெஞ்சினேன்.

"ஆத்தா சொன்னா அனுப்புதேன். நீங்க சொன்னா எப்படி சிஸ்டர்?"

நான் வேறு, ஆத்தா வேறா! ரேடியோவைத் திருகினேன். செய்திதான் வந்தது. அணைத்துவிட்டு, கொண்டையை நானே அவிழ்த்தேன். மனசுக்குள் அந்தக் கிடாரைக் கொண்டுவந்து தலையை ஆட்டினேன். "பிள்ளைய இப்பமே கோட்டயத்துக்கு அனுப்புடி" என்று யாருடைய குரலிலோ கத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது. மு. தடாலென்று காலில் விழுந்தாள். இந்தத் தடவை என் இடுப்பைப் பிடிக்கவில்லை.

எஸ்டேட் ஜீப்பில் செல்வி போய்விட்டாள்.

22-3, வெள்ளி

செல்விக்கு ஆண் குழந்தை. இளைத்த குழந்தை, ஆனால் அழுகை பலமாம். தாயும் சுகம். அப்பாடா.

மு. வாசலில் நின்றே சொன்னாள். உள்ளே வா என்றேன். "தீட்டு இருக்கு தாயி." சரி, கழியட்டும்.

20-4, சனி

தீட்டெல்லாம் எப்போதோ கழிந்துவிட்டது. மு. வருகிறாள், தேங்காய் பழத்தை வாசற்படியில் வைக்கிறாள், போகிறாள். சிஸ்டர் என்ற பேச்சே இல்லை. இன்று வழிமறித்து, தலை அரிக்கிறது, கொஞ்சம் பேன் பாரேன் என்றேன்.

"ஆத்தா தலையில நான் கை வைக்கதாவது!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் மனுஷிதான் முத்தம்மா என்றேன். அதற்கும் கும்பிட்டாள். பொய் சொன்னதால் ஒரு பிள்ளை பிழைத்தது, மறுபடியும் சொல்வேன். ஆனால் சாயங்காலம் ஆனால் அழுகை வருகிறது.

அடுத்த சனி அதே பெங்களூர்ப் பையன்கள் வருகிறார்கள். போக வேண்டும்.

28-4, ஞாயிறு

வானம் மூட்டம். சாப்பிடவில்லை.

நேற்று சீக்கிரமே போய், பெண்கள் பக்கம் நட்டநடுவில் நின்றேன். நல்ல கூட்டம். இரண்டு பக்கமும் தோள் இடித்தது. கொஞ்ச நேரம் சந்தோஷம்.

முதல் கிடார் ஒலித்ததும் என்னைச் சுற்றி எல்லோரும் பின்வாங்கினார்கள். மு.தான் கையை விரித்துக் கூட்டத்தைத் தள்ளினாள். "ஆத்தாவுக்கு எடம் விடுங்கடி!" என்னைச் சுற்றி வெறும் புல். ஒரு அடி நகர்ந்தேன், அவர்களும் நகர்ந்தார்கள். எனக்குத் தெரிந்த பாட்டு. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. கைகூப்பிக் காத்திருந்தார்கள்.

எட்டி மு.வின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள்.