சரசக்காவின் தகர வேலியும் மூன்று பாதைகளும்

செவ்வாய், பெப்ரவரி 10

காலை பனி. ஒன்பது மணிக்குத்தான் வெயில். ஆட்டுக்குக் குழை முறிக்க மறந்தேன்.

வெள்ளி பத்து மணிக்குக் கொழும்பு அலுவலகத்துக்கு நான் எழுதிய கணினி நிரலைச் செய்து காட்ட வேண்டும், இங்கே வீட்டிலிருந்து. சரிவந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இந்த மாதத்தோடு சரி. ஆறு மாத உழைப்பு.

நிரலின் வேலை: புது ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் ஒரே நேரத்தில் மூன்று வைஃபை பாதைகள். வீடியோ அழைப்பின் குரல் எதனால், படம் எதனால் என்று பிரித்து அனுப்ப வேண்டும். ஒன்று கெட்டால் மற்றதுக்கு மாற்ற வேண்டும், கதைப்பவருக்குத் தெரியாமல்.

பின்னேரம் ஒத்திகை. படம் உறைந்தது. குரல் விக்கி விக்கி வந்து நின்றது. வெளியே போய்ப் பார்த்தால் வேலி!

பக்கத்து வளவுச் சரசக்கா. எல்லையில் ஒரு முழக் காணிக்காக மூன்று வருடமாக எங்களோடு கதை இல்லை. எங்கள் காணி முழங்கை மாதிரி மடங்கியது. முன்னால் வீடும் ரவுட்டரும், பின்னால் என் வேலை அறை, நடுவில் அவருடைய வளவின் மூலை. நேற்று வரை தென்னோலைக் கிடுகு வேலி, சமிக்ஞை தாராளமாகப் போய் வந்தது. இன்று என் அறைப் பக்கம் முழுக்கத் தகரம்.

இவர், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தார். "உது வேணுமெண்டு செய்த வேலை. நீர் வாயைத் திறவாதையும்."

திறக்கவில்லை. மனதுக்குள் திட்டியதை எழுதவும் கூடாது.

புதன், 11

விடியவே ஒத்திகையின் பதிவுகளைப் பார்த்தேன். அடி விசரி! பிழை என்னுடையது.

வேகமான பாதைகள் இரண்டும் தகரத்தில் முட்டிச் செத்துவிட்டன. செத்த பாதையிலிருந்து புது அளவு வராது. என் நிரல் கடைசியாக அளந்த நல்ல வேகத்தையே நம்பி, அதற்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதுவரை சோதித்ததெல்லாம் ரவுட்டரை விட்டு மெல்ல மெல்ல நடந்து போய். ஒரேயடியாக அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அந்தத் தகரம் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மானம் போயிருக்கும். பிள்ளையாரே, நன்றி. சரசக்காவுக்கும்தான், வேறு வழியில்லை.

செய்ய:
பதில் வராத பாதையை உடனே கைவிடு.
குரலை மூன்று பாதையாலும் அனுப்பு, முதலில் வருவதை எடு.
தேங்காய், சீனி.
குழை!!

பின்னேரம் திருத்தம் முடிந்தது. ஆனால் புதுச் சிக்கல். கதைத்துக்கொண்டிருக்கும்போதே பாதை அறுவதைக் காட்ட வேண்டுமே. தகரத்தில் ஒன்றைக் கழற்றி, பேச்சின் நடுவில் திரும்பத் தூக்கிப் பிடித்து அடைக்க ஓர் ஆள் தேவை. இவருக்கு வெள்ளி பள்ளிக்கூடம்.

வியாழன், 12

போனேன். வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். சரசக்கா கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர்? ஓ, வாத்தியாற்றை மனுசியே?"

"ஓம் அக்கா. ஒரு உதவி. உங்கடை தகரத்திலை ஒண்டைக் கழட்டி..."

"கழட்டிறதோ! உங்கடை ஆடு என்ரை கத்தரிக் கண்டிலை இருவதைத் திண்டிட்டுது. அதின்ரை கழுத்தைத் திருகாமல் தகரம் அடிச்சனான். இனிக் கழட்டவும் வேணுமோ?"

எங்கள் ஆடு. நான் குழை போடாத ஆடு. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அழுகையும் வந்துவிட்டது, வேலை போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

சரசக்கா வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "ஏனடி பிள்ளை அழுறாய்? எத்தினை மணிக்குப் பிடிக்கோணும்?"

திரும்பி வரும்போது என் கை நிறையக் கத்தரிக்காய். "ஆடு விட்டு வைச்சது" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வளவுக் காய். பால்கறி வைத்தேன். இவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார், எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளி, 13

நல்ல வெயில். தலை தோய்ந்து, விளக்கேற்றி, பத்துக்கு அமர்ந்தேன். ஆட்டை இரண்டு கயிற்றில் கட்டினேன்.

ஏற்பாடு: நான் யன்னலைத் திறந்தால் சரசக்கா காலையில் கழற்றிய தகரத்தைத் தூக்கி வேலியின் இடைவெளியை அடைக்க வேண்டும். மூடினால் இறக்க வேண்டும்.

கதைத்துக்கொண்டே திறந்தேன். திரையில் இரண்டு கோடுகள் பொத்தென்று விழுந்தன. மூன்றாவது, மெதுவான பாதை, தகரத்தைச் சுற்றி எப்படியோ வந்து எல்லாவற்றையும் சுமந்தது. படம் கொஞ்சம் மங்கல். குரல் அறவில்லை. நான் கதைத்துக்கொண்டே போனேன்.

கொழும்பிலிருந்து குழுத் தலைவர், "சரி, பாதையை எப்ப வெட்டிக் காட்டப் போறீங்க?"

"வெட்டிப் பத்து நிமிசம் ஆச்சு, சேர்."

அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். பிறகு கேள்வி மேல் கேள்வி. கடைசியில், "கடிதம் திங்கள் வரும். வாழ்த்துகள்."

எழும்பிக் குதித்தேன். தேத்தண்ணீர் வைக்கப் போனேன். அடுப்பு மூட்டும்போதுதான் நினைவு வந்தது, யன்னலை மூடவே இல்லை.

ஓடினேன். கொளுத்தும் வெயிலில், தலையில் துவாயோடு, சரசக்கா இன்னும் தகரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.

"ஐயோ அக்கா, இறக்கியிருக்கலாமே!"

"நீ யன்னலைச் சாத்தேல்லையே பிள்ளை."

தகரத்தை வாங்கினேன். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பாகக் கோடு. வேலை கிடைத்ததை இவருக்குச் சொல்லும் முன்னம் அவருக்குத்தான் சொன்னேன், அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு.